விருந்தாளி ‘ஆஃபுல்’ என்று எழுதிவிட்டுப் போனால்

கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பழைய நகரத்தார் வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறவர்களுக்கு, ஆங்கிலத்தில் பாராட்டு வந்தால் சிக்கல் இல்லை. ‘வொண்டர்ஃபுல்’ என்றால் வொண்டர்ஃபுல்தான். குறை எழுதியிருந்தால்தான் தடுமாற்றம். அதிலும் ‘ஆஃபுல்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் பாதிப் பேர் சாப்பாடு கேவலம் என்று எழுதிவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் சொல் குறையாகவும் வரும், அனுதாபமாகவும் வரும், மன்னிப்பாகவும் வரும், சில இடங்களில் ‘நிறைய’ என்ற பொருளில் மட்டும் வரும். வரவேற்பு மேசையில் இருப்பவர்களும், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்களும், ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு ஆள் கூட்டிப்போகும் வழிகாட்டிகளும் இதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்துகொண்டால் தேவையில்லாத மனக்கசப்பு பாதி குறையும்.

அடிப்படைப் பொருள்: மிக மோசமான, சகிக்க முடியாத.

எழுத்தும் உச்சரிப்பும்

ஏ, டபிள்யூ, எஃப், யூ, எல். ஐந்தே எழுத்து. பிழை வருவது இரண்டு இடத்தில். ‘ஆ’ என்ற மூலச்சொல் ஏ, டபிள்யூ, ஈ என்று எழுதப்படுவதால் பலர் அந்த ஈ-யையும் உள்ளே விட்டுவிடுகிறார்கள். இங்கே ஈ கிடையாது. ‘ஆசம்’ என்ற சொல்லில் மட்டும் அந்த ஈ இருக்கும். இன்னொன்று, கடைசியில் ஒரே ஒரு எல். ‘ஆஃபுல்லி’ என்று நீளும்போதுதான் இரண்டு எல் வரும்.

உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில். அந்த முதல் உயிர் நம்முடைய ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில் இருக்கிறது. ‘லா காலேஜ்’ என்பதில் வரும் ‘லா’வை ஆங்கிலேயர் சொல்லக் கேட்டால் அதுதான், உதட்டைக் கொஞ்சம் குவிக்க வேண்டும். டபிள்யூவுக்குத் தனி ஒலி இல்லை. இரண்டாவது அசையை ‘டேங்க் ஃபுல்’ மாதிரி முழுசாகச் சொல்லக் கூடாது, ‘ஃபல்’ என்று விழுங்கிவிட வேண்டும். மேல்பல் கீழுதட்டில் படாமல் ‘ஆபுல்’ என்று சொன்னால் கேட்பவர் ஆப்பிள் என்று எடுத்துக்கொள்வார்.

மூலச்சொல்லான ‘ஆ’வுக்குப் பயமும் பக்தியும் கலந்த பிரமிப்பு என்று பொருள். அதனால் ஆஃபுல் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் கடவுளின் மகிமைக்கும் இடிமின்னலுக்கும் உரியதாக இருந்தது. ‘மிக மோசம்’ என்ற பொருள் பேச்சில் நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். அதே வேரில் பிறந்த ‘ஆசம்’ இன்று உச்சப் பாராட்டாகிவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி தொடங்குவதால், அவசரத்தில் படிக்கும்போது ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது நடக்கிறது. முடிவு எழுத்துகளைப் பாருங்கள்.

‘வெரி’ ஏன் ஒட்டாது

‘பேட்’ என்பதோடு ‘வெரி’ சேரும். ஆஃபுல்லோடு பொதுவாகச் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் சொல்லுக்கு மேலே ஏற்ற இடமில்லை. தமிழிலும் இதே வழக்கம் உண்டு: ‘ரொம்ப மோசம்’ என்போம், ஆனால் ‘சகிக்கல’ என்பதோடு ‘சுத்தமா’தான் வாயில் வரும். ஆங்கிலத்தில் அந்த ‘சுத்தமா’ வேலையைச் செய்வது ‘ஆப்ஸல்யூட்லி’. ‘ரியலி’, ‘ஜஸ்ட்’, ‘சோ’ ஆகியவையும் சேரும். ‘பிரிட்டி ஆஃபுல்’ என்றால் அழகு எதுவும் இல்லை, ‘நல்லாவே மோசம்’ என்று அர்த்தம்.

‘க்வைட்’ மட்டும் கவனிக்க வேண்டிய சொல். பிரிட்டிஷ்காரர் ‘க்வைட் குட்’ என்று எழுதினால் ‘பரவாயில்லை’ என்ற அளவுதான். அவரே ‘க்வைட் ஆஃபுல்’ என்று எழுதினால் ‘முழுக்க மோசம்’. உச்சச் சொல்லோடு சேரும்போது க்வைட் அதைக் குறைப்பதில்லை.

ஒப்பிடுவதற்கு இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். ‘மோர் ஆஃபுல்’ இலக்கணப்படி தவறில்லை, ஆனால் யாரும் அப்படிப் பேசுவது குறைவு, ‘வொர்ஸ்’ போதும். முன்னால் வரும் ஆர்ட்டிகிள் ‘அன்’: ‘அன் ஆஃபுல் ஸ்மெல்’.

‘மோசமாக நாறுகிறது’ என்று நினைத்தால் வரும் பிழை

தமிழில் ‘மோசமாக’ நாறும், ‘நன்றாக’ மணக்கும். வினையோடு ‘ஆக’ சேர்த்தே சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘இட் ஸ்மெல்ஸ் ஆஃபுல்லி’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே ஸ்மெல், டேஸ்ட், லுக், சவுண்ட், ஃபீல் என்ற ஐந்து வினைகளுக்குப் பின்னால், அவை பொருளின் தன்மையைச் சொல்லும்போது, வால் இல்லாத சொல்தான் வர வேண்டும்: ‘இட் ஸ்மெல்ஸ் ஆஃபுல்’, ‘இட் டேஸ்ட்ஸ் ஆஃபுல்’.

‘ஆஃபுல்லி’க்கு வேறு வேலை. பெரும்பாலும் இன்னொரு பெயரடைக்கு முன்னால் நின்று ‘ரொம்ப’ என்று பொருள் தரும். மோசம் என்ற சாயலே இருக்காது. ‘ஆஃபுல்லி நைஸ்’ என்றால் ரொம்ப நல்லது. கோழி வறுவலை ‘ஆஃபுல்லி ஹாட்’ என்று எழுதியிருந்தால் காரம் அதிகம் என்கிறார், ருசியைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. (சித்திரை, வைகாசியில் வந்துபோனவர் எழுதியிருந்தால் அது காரைக்குடி வெயிலாகவும் இருக்கலாம். முன்பின் வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ‘அன் ஆஃபுல் லாட் ஆஃப் ஃபுட்’ என்றால் ஏராளமான சாப்பாடு. இலை நிறையப் பரிமாறிய நாளில் இந்த வரி வருவது இயல்பு. இதற்குப் போய் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினால் விருந்தாளி குழம்பிப் போவார்.

விமர்சனத்தைப் படிக்கும் முறை

சொல்லைப் படிக்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் படியுங்கள். ஆஃபுல் என்பது கோபத்தின் அளவைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் முன்னால் இருக்கும் பெயர்ச்சொல்லிலோ பின்னால் வரும் வரியிலோ இருக்கும். எங்குமே இல்லாமல் வெறுமனே ‘இட் வாஸ் ஆஃபுல்’ என்றிருந்தால், பதில் எழுதுவதற்கு முன்னால் தனிச்செய்தியில் எது என்று கேட்டுவிடுங்கள்.

குளியலறை நாற்றம்தான் அடிக்கடி வருவது. பழைய வீடுகளில் பின்னால் சேர்த்த குளியலறைகளில், தரையில் இருக்கும் வடிகாலை பிளம்பர்கள் நானி டிராப் என்பார்கள். அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். கழிவுக்குழாயின் வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அறை சில வாரம் பூட்டிக் கிடந்தால் தண்ணீர் வற்றிவிடும், நாற்றம் ஏறிவிடும். எவ்வளவு பினாயில் ஊற்றிக் கழுவினாலும் ஒரு நாளைக்கு மேல் தாங்காது என்று சொல்கிற இடங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் பூட்டப்போகும் அறையென்றால் தண்ணீருக்கு மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுவைத்தால் வற்றுவது மெதுவாகும். விமர்சனத்தில் ‘மஸ்டி’ என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் கதை வேறு: அது வடிகால் இல்லை, காற்றோட்டமில்லாத அறையின் புழுக்கநெடி. கதவைத் திறந்து, மெத்தையை வெயிலில் போட்டு, ஈரம் இறங்கும் ஓட்டைப் பார்க்க வேண்டும். ‘ஃபவுல்’ என்று எழுதினால் அழுகல் நாற்றம். மறுபடி வடிகாலுக்கும் குப்பைக்கும் போங்கள்.

சாப்பாட்டில் மூன்று வரிகளைப் பிரித்தறிய வேண்டும். ‘தி ஃபிஷ் டேஸ்டட் ஆஃபுல்’ என்றால் ருசி பிடிக்கவில்லை. ‘இட் லுக்ட் ஆஃபுல் பட் டேஸ்டட் வொண்டர்ஃபுல்’ என்றால் அது பாராட்டு. கவுனி அரிசியின் கருப்பு நிறத்தையும் அரிசி களைந்த நீரில் வைக்கும் மண்டியின் கலங்கலையும் முதன்முதலில் பார்ப்பவர்கள் இப்படி எழுதுவதில் வியப்பில்லை. ‘பட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதுதான் தீர்ப்பு. மூன்றாவதுதான் ஆபத்தானது: ‘ஐ ஃபெல்ட் ஆஃபுல் ஆஃப்டர் தி மீல்.’ இதில் ருசியைப் பற்றிய பேச்சே இல்லை. சாப்பிட்ட பிறகு உடம்பு சரியில்லாமல் போனது என்கிறார். இதைச் சாதாரணக் குறையோடு சேர்த்து அடுத்த வாரம் பதில் எழுதலாம் என்று வைக்கக் கூடாது. அன்றைக்கே தொடர்புகொண்டு உடம்பு எப்படி இருக்கிறது, மருத்துவர் வேண்டுமா, என்னென்ன சாப்பிட்டார், எங்கெங்கே தண்ணீர் குடித்தார் என்று கேட்க வேண்டும். அதே பந்தியில் சாப்பிட்ட மற்றவர்களையும் விசாரிக்க வேண்டும்.

அதே ‘ஃபீல் ஆஃபுல்’ பின்னால் ‘அபவுட்’ சேர்ந்து வந்தால் பொருள் தலைகீழ். ‘ஐ ஃபீல் ஆஃபுல் அபவுட் தி லாம்ப்’ என்று எழுதியவர், விளக்குச் சிம்னியைத் தட்டி உடைத்தவர். குற்ற உணர்ச்சியில் இருக்கிறார். அவருக்குத் தேவை ‘பிளீஸ் டோன்ட் வொர்ரி அபவுட் இட்’ என்ற ஒரு வரி. அவரிடம் போய் விளக்கில் என்ன குறை என்று கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ‘ஐ ஆம் ஆஃபுல்’ என்பது வேறு: நான் மோசமான ஆள் என்று சொல்வது. உடம்பு சரியில்லை என்பதற்கு ‘ஆம்’ போடாதீர்கள், ‘ஃபீல்’தான்.

சத்தத்தைப் பற்றிய புகார், அதாவது ‘ஆஃபுல் நாய்ஸ்’, பெரும்பாலும் விடிகாலைக் கோயில் ஒலிபெருக்கியைக் குறிக்கும். இதற்கு விமர்சனத்தில் பதில் சொல்லித் தீராது. திருவிழா நாள் தெரிந்ததும் முன்பதிவு செய்தவர்களுக்குச் செய்தி அனுப்பி, தெருப்பக்கம் இல்லாத அறையை ஒதுக்குங்கள்.

பேச்சில் வரும் ‘ஹவ் ஆஃபுல்!’, ‘தட்ஸ் ஆஃபுல்’ இரண்டும் அனுதாபம். பிள்ளையார்பட்டியில் பர்ஸ் தொலைந்துவிட்டது என்று விருந்தாளி சொன்னால் நாம் சொல்ல வேண்டியதும் இதுதான், நம்முடைய ‘அடடா’ இடத்தில். குரல் மெதுவாக இறங்க வேண்டும். உயர்த்தி, சிரித்த முகத்தோடு சொன்னால் கேலியாகிவிடும். உடனே அடுத்த வரியில் உதவியைச் சொல்லுங்கள். அடடாவோடு நிறுத்தினால் நன்றாக இருக்காது.

‘பயங்கர டேஸ்ட்’ என்ற பள்ளம்

நம்மிடம் பழகியவர் வெள்ளைப் பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டு, “ஆச்சி, பயங்கரமா இருக்கு, இன்னும் ரெண்டு வைங்க” என்றால் ஆச்சிக்கு மகிழ்ச்சி. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், கந்தரப்பத்தைக் காட்டி ‘டெரிபிள் டேஸ்ட், சார்’ என்று பரிந்துரைத்தால், தட்டைத் தள்ளிவைத்துவிடுவார்கள். மேலே பார்த்த ‘ஆஃபுல் லாட்’ போன்ற தொடரை விட்டால், டெரிபிளும் ஹாரிபிளும் ஆஃபுல்லும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் மோசம் மட்டும்தான். ‘டெரிபிள் டேஸ்ட்’ என்பதற்கு ரசனை கெட்ட ஆள் என்ற பொருளும் உண்டு, அது இன்னும் வம்பு. பயங்கரத்தைப் பாராட்டாகச் சொல்ல வேண்டுமானால் ‘அமேசிங்’, ‘ஃபென்டாஸ்டிக்’, அல்லது டெரிபிளின் உடன்பிறப்பான ‘டெரிஃபிக்’. பயமுறுத்துவது என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தும், ஒன்று திட்டாகவும் ஒன்று பாராட்டாகவும் பிரிந்துவிட்டன.

பக்கத்துச் சொற்கள்: எது எதற்கு

ஹாரிபிள், டெரிபிள் இரண்டும் ஆஃபுல்லுக்குப் பதிலாக ஏறக்குறைய எங்கும் நிற்கும். ‘ட்ரெட்ஃபுல்’ அதே பொருள்தான், கொஞ்சம் பழைய பிரிட்டிஷ் வாடை. கண்ணுக்குச் சகிக்காததற்கு ‘ஹிடியஸ்’, ‘காஸ்ட்லி’. இரண்டாவது சொல்லை விலை அதிகம் என்ற ‘காஸ்ட்லி’யோடு குழப்பாதீர்கள், எழுத்து ஜி-யில் தொடங்கும், அடுத்தது ஹெச். பழம்பொருள் கடையில் ஒருவர் மரச்சிற்பத்தைப் பார்த்து இதைச் சொன்னால் விலையைக் குறைப்பதால் பலன் இல்லை, அந்தப் பொருளே பிடிக்கவில்லை.

மூக்குக்கும் நாக்குக்கும் ஃபவுல், ‘வைல்’. குமட்டலுக்கு ‘டிஸ்கஸ்டிங்’, ‘ரிவோல்டிங்’. இந்த இரண்டும் விடுதிக்காரர் மிகவும் அஞ்ச வேண்டிய சொற்கள், ஏனென்றால் சுத்தக் குறைவைச் சுட்டவே பெரும்பாலும் எழுதுவார்கள்: சோற்றில் முடி, விரிப்பில் கறை, அலமாரியில் கரப்பான். ‘அப்பாலிங்’, ‘அட்ரோஷியஸ்’ இரண்டும் நடத்தைக்கும் சேவைக்கும் உரியவை. ஆட்கள் அவமதித்தார்கள், சொன்னதைச் செய்யவில்லை என்று படிக்க வேண்டும். ‘நாஸ்டி’யில் வன்மம் உண்டு, ஆனால் ‘அ நாஸ்டி ஃபால்’ என்றால் பலமான விழுகை. மாடிப்படி செங்குத்தாக இருக்கும் வீடுகளில் இதைப் பார்த்தால் கைப்பிடியைச் சரிபாருங்கள்.

‘ஹாரிஃபிக்’ ஹாரிபிளைவிடக் கனமானது. விபத்து, சாவு, வன்முறை ஆகியவற்றுக்குச் சொல்வது. காபி ஆறிப்போனதற்கு நாம் எழுதினால் மிகையாகப் படும்.

டிஸ்கஸ்டிங், அப்பாலிங் இரண்டிலும் ‘இங்’ வால் குற்றம் செய்த பொருளுக்கு, ‘எட்’ வால் பாதிக்கப்பட்ட ஆளுக்கு. ‘ஐ ஆம் டிஸ்கஸ்டிங்’ என்று சொன்னவர் தன்னையே அருவருப்பானவர் என்று அறிவிக்கிறார். ஆஃபுல்லுக்கு இந்த இரட்டை வடிவம் இல்லை.

பிரிட்டிஷ் விருந்தாளிகள் பலர் இந்தச் சொற்கள் எதையும் தொடாமலே கடுமையான குறை சொல்வார்கள். ‘நாட் கிரேட்’, ‘அ பிட் டிஸ்அப்பாயிண்டிங்’ என்று இரண்டு மூன்று சொல்லில் எழுதியதை மெல்லிய குறை என்று விட்டுவிட வேண்டாம். இன்னொருவர் ஆஃபுல் என்று எழுதும் அதே கோபம் அதில் இருக்கலாம்.

பதில் எழுதுதல்

நான்கு வரி போதும். சொன்னதற்கு நன்றி, எது தவறியது, என்ன செய்தோம், இனி எப்படிப் பார்த்துக்கொள்கிறோம். வடிகால் நாற்றத்துக்கு இப்படி எழுதலாம்: ‘தேங்க் யூ ஃபார் டெல்லிங் அஸ். தி டிரெயின் இன் யுவர் பாத்ரூம் ஹாட் டிரைட் அவுட், அண்ட் வி ஆர் சாரி. வி ஹாவ் ஃபிக்ஸ்ட் இட். வி நவ் செக் எவ்ரி ரூம் பிஃபோர் அ கெஸ்ட் அரைவ்ஸ்.’ செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள். அடுத்து வருகிறவர் அதே நாற்றத்தோடு உங்கள் பதிலையும் சேர்த்துப் படிப்பார்.

ஆஃபுல் என்ற சொல்லைப் பதிலில் திருப்பிச் சொல்ல வேண்டாம். ‘ஆஃபுல் ஸ்மெல்லுக்கு வருந்துகிறோம்’ என்று எழுதினால் அந்தச் சொல் பக்கத்தில் இரண்டாவது முறையும் பதிகிறது, இந்தத் தடவை விடுதியின் கையெழுத்தோடு. ‘தி டிரெயின்’ என்று பொருளின் பெயரைச் சொன்னால் போதும். ‘ஆஃபுல்லி சாரி’ என்பதும் வேண்டாம். இலக்கணம் சரிதான், ஆனால் ஆஃபுல் என்று திட்டியவருக்கு ஆஃபுல்லி என்று பதில் போனால் நையாண்டி போல் இருக்கும். ‘இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்’, அதாவது ‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற அலுவலக வரி எந்த விடுதியிலும் எந்தக் குறைக்கும் ஒட்டும் என்பதாலேயே யாரையும் சமாதானப்படுத்துவதில்லை.

சமையற்கட்டுக்குச் செய்தி கொண்டுபோவதும் பதிலின் ஒரு பகுதிதான். “ஆச்சி, உங்க சாப்பாடு கேவலம்னு எழுதிட்டாக” என்று மொழிபெயர்த்துவிட்டு நிற்பவரால் எந்தப் பயனும் இல்லை. “ஆச்சி, நேத்து ராத்திரி வறுவல்ல காரம் அவுகளுக்குத் தாங்கலையாம். நாளைக்கு வர்றவுகளுக்கு மிளகாயைப் பாதியாக் குறைச்சுக்கங்க, மிளகு அப்படியே இருக்கட்டும்” என்று சொன்னால் வேலை நடக்கும்.

மெனு கார்டில் ஒரு திருத்தம்

ஆட்டின் ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சிக்கு ஆங்கிலத்தில் பொதுப்பெயர் ‘ஒஃபல்’. பிரிட்டிஷ் உச்சரிப்பில் முதல் உயிர் குறில், அதனால் ஆஃபுல்லிலிருந்து பிரித்துக் கேட்க முடியும். அமெரிக்கர் பலருடைய வாயில் இரண்டும் ஒன்றுதான். ‘டுடே வி ஹாவ் ஒஃபல் கறி’ என்று பெருமையோடு அறிவித்தால், இன்றைக்கு மோசமான கறி இருக்கிறது என்று அவர்கள் காதில் விழும். கார்டில் பொதுப்பெயரை எடுத்துவிட்டு உறுப்பின் பெயரைப் போடுங்கள்: ஈரல் வறுவலுக்கு ‘மட்டன் லிவர் ஃப்ரை’, குடல் குழம்புக்கு ‘மட்டன் டிரைப் கறி’. டிரைப் என்பதற்கும் பேச்சு வழக்கில் ‘உளறல்’ என்று ஒரு பொருள் உண்டு, ஆனால் சாப்பாட்டு மேசையில் யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.